தர்பூசணிக்காரன் தொடை

தர்பூசணி விற்கும் பிச்சைக்கனிக்குத் தொடைக்குள் கடும் வலி, கூடவே காய்ச்சல். டாக்டர் ஞானசிகாமணி நாற்காலியை விட்டு அசையவில்லை.

"வீக்கமில்லை, சிவப்பில்லை. கல்லு மாதிரி உடம்பு உனக்கு. சுளுக்குதான், போ."

"ஐயா, என் வண்டியில எந்தப் பழத்தையும் சதுரமா வெட்டி உள்ளே காட்டச் சொல்லுவீங்களே. தோலைப் பார்த்து ஒருநாளாவது வாங்கியிருக்கீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். டாக்டர் முறைத்தபடியே ஸ்கேனுக்கு எழுதினார். தசையின் ஆழத்தில் சீழ் கட்டியிருந்தது. விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே சீழை எடுத்தார்கள். பிச்சைக்கனி பிழைத்தான்.

அடுத்த மாதம் டாக்டர் அவன் வண்டியருகே வந்து ஒரு பழத்தைத் தட்டினார். அவன் கத்தியை எடுத்தான்.

"வெட்ட வேண்டாம்பா, பழம் நல்லாத்தான் இருக்கும்."

"என் தொடையையும் அப்படித்தானே ஐயா சொன்னீங்க," என்று சிரித்துக்கொண்டே வெட்டிக் காட்டினான்.