காலைக் கழுவாத மாடத்தி

ஒரு கடல்ல ரெண்டு தீவு இருந்துச்சாம். பெரிய தீவு முழுக்கக் காடு. சின்னத் தீவுல ஊரு. அந்த ஊர்ல மாடத்தி, மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. ம் சொல்லு. ம்... ஆங்.

ஒரு வருஷம் புயல் வந்து, சடசடசடன்னு சின்னத் தீவு மரத்தையெல்லாம் சாய்ச்சிட்டுப் போயிருச்சு. கடல் ஏறி வந்து மண்ணை நனைச்சிட்டு இறங்குச்சு. அப்புறம் நிழல் இல்ல, குருவி இல்ல. கிணத்துத் தண்ணிகூடக் கரிக்க ஆரம்பிச்சிருச்சு. அப்போ படகோட்டிகளுக்கெல்லாம் தலைவர் சிங்காரத் தண்டல் சொன்னார், "வாடைக்காத்து திரும்பினதும் எல்லாரும் இந்தத் தீவை விட்டுட்டு அக்கரைச் சீமைக்குக் கிளம்பிருவோம்."

எல்லாரும் தலையாட்டினாங்க. மாடத்தி ஆட்டல. அவ புருஷனையும், பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே போயிட்ட பிள்ளையையும் அந்த மண்ணுலதான் வச்சிருந்தா.

"நான் வரல கொழுந்தனாரே. மரம் வளக்கப் போறேன்."

"வள மதினி, வள! ஒண்ணே ஒண்ணு நின்னு காட்டட்டும். நானே படகைக் கரையேத்துறேன்"னு தண்டல் சிரிச்சார்.

பெரிய தீவுல வானத்தைத் தொடுற மரம் ஒண்ணு. அதோட காய்க்கு ரெண்டு இறக்கை. கிர்ர்ர்ர்னு சுத்திக்கிட்டே விழும். மாடத்தி தண்டலோட படகுல போய் மடி நிறையப் பொறுக்கினா. ஆனா அந்தக் காட்டுக்குப் போனவங்க ஓடையில கால் கழுவிட்டுத்தான் படகேறணும். கழுவாம வந்தா, காடும் பின்னாலேயே வந்துரும்னு ஊர்ல ஒரு பயம். மாடத்தியும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினா.

விதைச்சா. முளைச்சுது. அப்புறம் மஞ்சளாகிச் செத்துப்போச்சு.

ரெண்டாவது தடவை மீன் எருப் போட்டா. குடம் குடமா நல்ல தண்ணி சுமந்து ஊத்தினா. அதுவும் முளைச்சு, மஞ்சளாகி, செத்துப்போச்சு. தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாவது தடவை பொறுக்கக்கூட மனசில்லாம, மரத்தடியில உக்காந்து அழுதா. அழுதுகிட்டே விரலால மண்ணைக் கீறினா. அடியில வெள்ளை வெள்ளையா நூலு! சிலந்தி நூலைவிட மெலிசு. பெரிய மரத்து வேரைச் சுத்திக்கிட்டு, அப்படியே ஓடிப்போய், பக்கத்துல நின்ன குட்டிக் குட்டிக் கன்னு வேரையெல்லாம் பிடிச்சிருந்துச்சு. மழை பெஞ்சா அங்கங்க காளானா எட்டிப் பார்க்குமே, அந்த நூலுதான். இருட்டுக்குள்ள நடந்துபோய் வேருக்குத் தண்ணி கொண்டாந்து கொடுக்கும். மரம் வெயில்ல காய்ச்சின கஞ்சியில அதுக்கு ஒரு வாய் கொடுக்கும்.

"ஐயோ, ஊட்டுற கையை விட்டுட்டு நான் பிள்ளையை மட்டும் தூக்கிட்டுப் போயிருக்கேனே"ன்னா மாடத்தி. ஒரு கூடை மண்ணை அள்ளி, மேல நாலு காயையும் போட்டுக்கிட்டா. ஓடையில ஒரு காலை வச்சா. அப்புறம் சட்டுன்னு எடுத்துட்டா.

"மதினி, காலைக் கழுவு!" படகுல இருந்து தண்டல் கத்தினார்.

"மாட்டேன்."

"காடு பின்னாலேயே வந்துரும்!"

"வரட்டுமே."

தண்டல் அவளை ஏத்திக்கிட்டுப் படகைத் தள்ளினார். துடுப்புப் போட்டார். சளக்... சளக்... சளக்.

கூடை மண்ணைக் கொட்டி விதைச்சா. முளைச்சுது. அப்போ வாடைக்காத்து உய்ய்ய்னு திரும்பிருச்சு. படகுல பாய், பானை, கோழி எல்லாம் ஏத்தியாச்சு. மாடத்தி மட்டும் கன்னு பக்கத்துல உக்காந்திருந்தா. கூப்பிட வந்த தண்டல் அப்படியே நின்னுட்டார். கன்னு உச்சியில, செக்கச்செவேல்னு புது இலை ஒண்ணு. அடியில, பொத்தான் அளவுக்கு ஒரு காளான்.

குனிஞ்சு அந்தக் காளானைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கரையைப் பார்த்துக் கத்தினார், "ஏய், கோழியை இறக்கு! படகைக் காலி பண்ணு! எல்லாரும் பெரிய தீவுக்கு மண் அள்ளப் போறோம். எவனும் காலைக் கழுவிராதீங்க!"

அப்புறம் என்ன, காடு பின்னாலேயே வந்துச்சு. மெதுவா, மெதுவா. மாடத்திக்குத் தலை நரைச்சப்போ, அவ பிள்ளை கிடந்த இடத்துல நிழல் விழுந்துச்சு. கிணத்துத் தண்ணி இனிச்சுது.

ம்... சத்தத்தைக் காணோமே. நீயும் காலைக் கழுவாமத்தான் படுத்திருக்கே. இருக்கட்டும். கதை கரையேறிருச்சு, கண்ணை மூடு.