முதல் விதை போடும் கை

குருவுக்கு முப்பத்தாறு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று. மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் சொல்கிறேன்.

குருவின் பெயர் தையல்நாயகி. கோயம்புத்தூரில் சன்னல்கூட இல்லாத ஒரு மாடியறையில், டியூப்லைட் வெளிச்சத்தில் குடைமிளகாய் நாற்று வளர்ப்பவள். மண் ஒரு பிடிகூடக் கிடையாது. எல்லாம் தேங்காய் நார்த்தூளில்தான். கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அதிகம் பேசமாட்டாள். கேள்வி கேட்டால் கையில் ஏதாவது வேலையைக் கொடுத்துவிடுவாள்.

சீடர் குப்புராசு, நொய்யல் கரைப்பக்கத்து விவசாயி. அவர் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் காட்டில் விதைத்தாலும் முதல் விதையை ராசியான கைதான் போட வேண்டும். நாற்பது வருடமாக அந்தக் கை குப்புராசுவின் கை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வரப்பில் இறங்கினாலே பாதி விளைந்த மாதிரி என்பார்கள். அவரும் அதை நம்பினார். நாற்பது வருடம் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்?

பிறகு கிணறுகள் வற்றின. ஆழ்துளைக் குழாயில் உப்புத் தண்ணீர் ஏறியது. மூன்று போகம் அவர் போட்ட விதை எந்தக் காட்டிலும் முளைக்கவில்லை. தண்ணீரைக் குறை சொன்னால் யாரிடம் போய்க் கேட்பது? கையைக் குறை சொன்னால் ஆள் எதிரிலேயே நிற்கிறார். ஊர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது.

இந்த நேரத்தில்தான் அவர் மகள் கனகமணி, பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து பசுமைக்குடில் போட்டிருந்தாள். தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை விதைப்பு. முதல் விதையை அப்பாதான் போட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அங்கேயும் முளைக்காமல் போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று குப்புராசுவுக்குத் தூக்கம் போயிற்று. தையல்நாயகியின் மாடியறையைத் தேடி வந்தார்.

"எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேண்டாமுங்க அம்மணி," என்றார். "என் கை செத்துப்போச்சா, உசுரோட இருக்குதா? அதை மட்டும் சொல்லுங்க."

தையல்நாயகி செங்கல் போல் அழுத்திவைத்த நார்க்கட்டி ஒன்றை எடுத்து ஒரு தொட்டியில் வைத்தாள்.

"இதுல தண்ணி ஊத்துங்க ஐயா."

ஊற்றினார். கட்டி உப்பிக்கொண்டே வந்து தொட்டி விளிம்பைத் தொட்டது. குப்புராசு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"இப்பக் கழுவுங்க."

கழுவினார். மூன்று தண்ணீர் ஆன பிறகு, உப்பு அளக்கும் கருவியை அவள் எடுத்து வருவதற்குள் அவர் வடிந்த நீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"இன்னொரு தண்ணி வேணுமுங்க."

கருவியும் அதையே சொன்னது. அவள் அதை உறைக்குள் போட்டுவிட்டாள்.

"உங்க நாக்கு போதும்."

"நாக்கு இருந்து என்னங்க பண்றது?"

நான்காவது தண்ணீரும் ஆயிற்று. ஒரு பிடி அள்ளிப் பிழியச் சொன்னாள். விரலிடுக்கில் ஒரே ஒரு சொட்டு வந்து நின்றது.

"அந்தப் பதம்தான்."

"இதுல சத்து என்னங்க இருக்குது?"

"ஒண்ணுமில்லை."

"எரு?"

"போடலை."

"அப்ப விதை எதைத் தின்னு முளைக்குமுங்க?"

"போடுங்க, பாப்போம்."

ஐம்பது குழி உள்ள தட்டு. குழிக்கு ஒரு விதை. அவர் விரலிடுக்கில் நழுவி இரண்டு விதைகள் தரையில் விழுந்தன. குனிந்து தேடி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டார். அவள் தட்டை மூடி வெதுவெதுப்பான மூலையில் வைத்தாள்.

தினமும் முதல் பஸ்ஸில் வந்தார். எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள், துக்கம் கேட்க வந்தவர் போலக் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

பத்தாம் நாள் தையல்நாயகி மூடியைத் திறந்து, "கிட்ட வாங்க," என்றாள்.

வெள்ளை வெள்ளையாய், முதுகை வளைத்துக்கொண்டு எழுந்திருந்தன. நாற்பதுக்கு மேல் இருக்கும். மண்ணில்லை, எருவில்லை, சூரியன் எட்டிப் பார்க்காத அறை. குப்புராசு தட்டின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

அடுத்த நாள் அவை நிமிர்ந்து இலை விரித்தன. இரண்டு மட்டும் விதைத்தோலைத் தலையிலிருந்து கழற்ற முடியாமல் தொப்பி போட்டது போல நின்றன. தையல்நாயகி அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். நாற்பது வருடத்து ராசிக் கை சும்மா இருக்குமா? பாவம், பிள்ளை திணறுகிறதே என்று ஒன்றின் தொப்பியை நகத்தால் மெல்ல இழுத்தார்.

தொப்பியோடு இரண்டு இலைகளும் வந்துவிட்டன. குழியில் மொட்டைத் தண்டு நின்றது.

அவள் திரும்பியபோது அவர் விரலை நீட்டிக் காட்டினார். நுனியில் அந்தத் தோல் ஒட்டியிருந்தது.

"பாத்தீங்களா அம்மணி. தொட்டது போச்சு. இனி எனக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. எம்மகளுக்கு வேற யாராச்சும் போடட்டும்."

அவள் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. அடுத்த தட்டுக்காக ஊறவைத்திருந்த விதைகளில் ஒன்றை எடுத்துப் பிளேடால் இரண்டாக வகிர்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தாள்.

"பாருங்க."

பார்த்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு தெரிந்தது. வெள்ளைச் சதைக்கு நடுவில் ஏதோ ஒன்று சுருண்டு படுத்திருந்தது. ஒரு முனை வேர். மறு முனையில், ஒன்றோடொன்று ஒட்டியபடி, இரண்டு இலைகள்.

வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இது இன்னும் முளைக்கவே இல்லைங்களே."

"இல்லை."

"அதுக்குள்ள எலை இருக்குது."

"இருக்கு."

"சுத்தி இருக்கற வெள்ளை?"

"அது கொண்டுவந்த சோறு."

"யாருங்க கட்டிக் குடுத்தது?"

அவள் தொப்பி கழலாத இன்னொரு நாற்றின் தலையில் ஒரு சொட்டு நீரை வைத்தாள். இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தார்கள். காலை போய் மதியம் வந்தது. தோல் காயக் காய அவள் இன்னொரு சொட்டு வைத்தாள். குப்புராசுவின் விரல்கள் அவரையும் மீறி இரண்டு முறை தட்டின் பக்கம் போயின. மூன்றாம் முறை அவர் கைகளைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

டீ வாங்க அவள் எழுந்த நேரத்தில் தோல் மெல்ல வாயைத் திறந்தது. உள்ளே மடங்கியிருந்த பச்சை தன்னால் விலகியது. தொப்பி சரிந்து விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. இரண்டு இலைகளும் விரிந்து விளக்கைப் பார்த்தன.

"அம்மணி," என்று அவர் கூப்பிட்டார். அவள் வந்து பார்த்தாள்.

குப்புராசு தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார். உள்ளங்கையைப் பார்த்தார். திருப்பிப் புறங்கையையும் பார்த்தார்.

"எல்லாம் அதுக்குள்ளயே இருக்குதுங்க. எலையும் இருக்குது, சோறும் இருக்குது. நாப்பது வருசமா ஊரே கூப்புட்டு மரியாதை பண்ணுன கையிங்க இது. அப்ப இது என்னதாஞ் செஞ்சுது?"

"வழி விட்டுச்சு," என்றாள் தையல்நாயகி. "வெள்ளிக்கிழமையும் போய் அதையே செய்யட்டும்."