கவுதாரியின் பத்தாவது முட்டை

காட்டோரப் புதரில் ஒரு கவுதாரி பத்து முட்டை இட்டு அடைகாத்து வந்தாள். முதல் ஈடு. பெருமை தாங்கவில்லை.

புதருக்குப் பக்கத்துப் பாறைதான் அந்தக் காட்டுக்குக் கோயில். ஞாயிறுதோறும் எல்லாப் பிராணிகளும் அங்கே கூடும். மயில் போதகர் தோகையை விரித்துக்கொண்டு பிரசங்கம் செய்வார். பிரசங்கம் எங்கே சுற்றினாலும் காணிக்கையில் வந்துதான் நிற்கும். கொடுத்தவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்துவார். கொடுக்காதவர்கள் பெயரையும் விடமாட்டார்.

அந்த ஞாயிறு கவுதாரியும் கொஞ்ச நேரம் வந்து நின்றாள். அவள் பெயர் வந்துவிட்டது.

"நம்ம கவுதாரியம்மாவுக்கு ஆண்டவர் பத்து முட்டை கொடுத்திருக்கார். பத்துல ஒண்ணு அவருக்குச் சொந்தம். இன்னும் வந்து சேரலையே!"

எல்லாத் தலைகளும் திரும்பின.

"ஐயா, அது குஞ்சு பொரிக்க வேண்டிய முட்டை..."

"ஆண்டவர் பங்கை நீயே வச்சுக்கிட்டா மீதி ஒன்பதுக்கு யார் காவல்? பாம்பு சுத்துற காலம். யோசிச்சுக்கோம்மா!"

அணில் அக்கா அவள் விலாவில் இடித்தாள். "கொடுத்துத் தொலையேண்டி! என் புள்ளைங்க வாயில இருந்ததைப் பிடுங்கி நான் கொடுக்கலையா? என் பேரை எவ்வளவு சத்தமா வாசிச்சார் பார்த்தியா!"

பாம்பு என்றதுமே கவுதாரி புதரைத் திரும்பிப் பார்த்தாள். ஓடிப்போய் ஒரு முட்டையை உருட்டிக்கொண்டு வந்து பாறைமேல் வைத்தாள். தினையும் சாமையும் பழமுமாக அங்கே காணிக்கை குவிந்து கிடந்தது. மரங்கொத்திகளுக்கு அதைக் கூலியாகக் கொடுத்து, போதகர் தமக்கு ஓர் உயரமான மேடை கட்டப் போகிறாராம்.

"கவுதாரியம்மா, ஒரு முட்டை!" என்று மயில் அகவினார். குரங்குகள் கை தட்டின.

காற்று சில்லென்று வீசியது. முட்டை தனியாகக் கிடந்தது.

"ஐயா, அதை யார் அடைகாப்பாங்க?"

"கொடுத்த பிறகு கேள்வி கேட்கக் கூடாது. ஆண்டவர் பார்த்துக்குவார்."

"சூடு ஆறிட்டா உள்ளே இருக்கிற உசிரு போயிடுமே, ஐயா!"

மயில் அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

கவுதாரிக்கு அழுகை முட்டியது. திருப்பி எடுத்தால் காணிக்கைத் திருடி என்பார்கள். விட்டுவிட்டால் குஞ்சு போய்விடும். கொஞ்சம் நின்று யோசித்தாள். பிறகு விறுவிறுவென்று புதருக்கு ஓடி, மீதி முட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பாறைக்கு உருட்டி வந்தாள்.

"என்னம்மா இது?"

"பத்துல ஒண்ணு மட்டும் கொடுக்க மனசு வரலை, ஐயா. பத்தும் ஆண்டவருக்கே!"

மயிலுக்குப் புல்லரித்துவிட்டது. "பாருங்க விசுவாசத்தை! இனிமே இது ஆண்டவரோட குடும்பம்!" என்று இறக்கையைத் தூக்கி ஆசீர்வதித்தார்.

கவுதாரி பத்தையும் தினைக் குவியலின் நடுவே சேர்த்து வைத்து, மேலே ஏறிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

"நீ எதுக்கு உட்காருறே?"

"முட்டையைக் கொடுத்தேன். உடம்புச் சூட்டையும் சேர்த்துக் கொடுக்கிறேன். ஆண்டவர் வேண்டாம்னா சொல்வார்?"

சபையே பார்த்துக்கொண்டிருந்தது. மயில் தோகையை மடக்கிக்கொண்டார்.

சில வாரங்களில் பத்தும் பொரிந்தன. ஈரம் காய்ந்ததும் குஞ்சுகள் சாமையைக் கொத்த ஆரம்பித்தன.

"ஐயையோ, காணிக்கை! விரட்டும்மா!"

"எப்படி ஐயா விரட்ட? ஆண்டவரோட குடும்பம்னு நீங்கதானே சொன்னீங்க? அப்பா வீட்டுச் சோத்தைப் பிள்ளைங்க தின்னா குத்தமா?"

ஆமை குபீரென்று சிரித்தது. அணில் அக்கா சிரிக்கவில்லை. குஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ என் புள்ளைங்க மட்டும் யார் புள்ளைங்களாம்?" என்று கேட்டுவிட்டு மரத்துக்குத் தாவினாள். விலா எலும்பு தெரியும் குட்டிகளோடு திரும்பி வந்தாள். பின்னாலேயே முயலும் தன் குட்டிகளைக் கூட்டி வந்தது. மயில் தோகையை விரித்துத் தடுத்துப் பார்த்தார். குட்டிகள் அதற்கு அடியிலேயே புகுந்து போய்விட்டன.

கூலிக்குத் தானியம் மிஞ்சாததால் மேடை எழும்பவில்லை. அடுத்த ஞாயிறு போதகர் தரையில் நின்று பிரசங்கம் செய்தார். காணிக்கை என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஆனால் கவுதாரி அலகு நிறையப் புல்விதை கொண்டுவந்து அணில் குட்டிகளின் முன்னால் போட்டாள்.

"உன்னை யாருடி கேட்டா?" என்றாள் அணில் அக்கா.

"யாரும் கேட்கலையே, அக்கா. அதான் கொடுக்க ஆசையா இருந்தது!"

பயமுறுத்தி வாங்குவது வெறும் கப்பம். பசித்தவர் முகத்தைப் பார்த்து மனம் தானாகக் கொடுப்பதே காணிக்கை.