நிறைந்த தொட்டி

ஆவணி மாதம் நெடுந்தீவில் ஒரு சொட்டு மழை விழாது. குளம் வற்றும், கிணறு உவர்க்கும். தெற்கு வெளியில் மேயும் காட்டுக் குதிரைகள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அவற்றுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. அதனால் ஆறு பேர் சேர்ந்து தினமும் பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுபோய், வெளியெங்கும் கட்டி வைத்த தொட்டிகளில் ஊற்றுகிறார்கள். ஊரில் அவர்களுக்குத் தண்ணிக்காரர் என்று பெயர்.

ஆறு பேருக்கும் தலைவி திலகேஸ்வரி. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள், வயது முப்பத்து நான்கு. ஆறாவதாக வந்து சேர்ந்தவர் இராசநாயகம். அவருக்கு அறுபத்தொரு வயது. ஜெர்மனியில் முப்பது வருடம் லொறி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர். மகள் வயதுக்காரியை "ரீச்சர்" என்று கூப்பிட முதலில் அவருக்கு நாக்கு வரவில்லை. ஒரு கிழமையில் பழகிவிட்டது.

அவள் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டே காரியம்.

"தொட்டியை நிரப்புங்கோ. நிரப்பின உடனை அந்த இடத்தை விட்டுப் போங்கோ."

"இவ்வளவுதானோ, ரீச்சர்?"

"முதலாவது லேசு, ஐயா."

அவர் சிரித்தார். முப்பது வருடம் பனியில் லொறி ஓட்டியவருக்கு இதெல்லாம் ஒரு வேலையா!

அந்த மாதம் ஒரு செம்பழுப்புக் குதிரை தலைச்சன் குட்டி ஈன்றிருந்தது. குட்டிக்கு உடம்பை விடக் கால்தான் அதிகம். தூரத்தில் அது இடறி இடறி ஓடியதை இராசநாயகம் ஒருமுறை பார்த்தார். அதன் பிறகு மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒருக்கால் தொட்டுப் பாத்தாப் போதும், ரீச்சர்."

"தொட்டு?"

"எனக்கு ஜெர்மனியிலை ஒரு பேத்தி பிறந்து எட்டு மாசம். மகள் என்னோடை கதைக்கிறேல்லை. பிள்ளையின்ரை ஒரு படம்கூட அனுப்பேல்லை. விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா ரெலிபோன் எடுக்கிறன். அவள் எடுக்கிறாளில்லை." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "ஒரு சின்ன உயிரைத் தொட்டுக் கனகாலம், ரீச்சர்."

அவள் பவுசரின் குழாயைச் சுருட்டி வைத்தாள்.

தாயும் குட்டியும் வரும் கடைசித் தொட்டியை இராசநாயகம் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பின்னேரமும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து கணக்காகச் செய்தி சொன்னார்.

"தொட்டி நிறைஞ்சிருக்கு, ரீச்சர்."

மறுநாளும் அதே செய்திதான். மூன்றாம் நாள் அவர் கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

"இண்டைக்கு ஊத்தவே தேவையில்லை. விளிம்பு மட்டும் நிறைஞ்சிருக்கு."

திலகேஸ்வரி கையில் இருந்த பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளை அப்படியே வைத்தாள்.

"மூண்டு நாளும் நிறைஞ்சோ?"

"ஓம்."

"ஆவணியிலை நிறைஞ்ச தொட்டி நல்ல சேதியில்லை, ஐயா. வாங்கோ."

தொட்டிக்குப் பக்கத்துக் கல்வேலியின் பின்னால் ஒரு பாய் விரித்துக் கிடந்தது. ஒரு பை நிறைய கரட். புல் நசுங்கி, ஒரு ஆள் மூன்று நாள் குந்தியிருந்த அடையாளம்.

"ஜெர்மனிப் பண்ணையளிலை சின்னப் பிள்ளையள் கரட் குடுக்குங்கள். குதிரை கிட்ட வரும்" என்றார் இராசநாயகம். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"காத்து எந்தப் பக்கத்தாலை வருது?"

அவர் விரலை நனைத்து உயர்த்திப் பார்த்தார். சோளகக் காற்று அவருடைய முதுகில் அடித்து, வெளியை நோக்கிப் போனது. காலையில் சந்தனச் சோப்புப் போட்டு முழுகிவிட்டு வந்திருந்தார்.

வெகு தூரத்தில் தாய்க்குதிரை இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றது. அதன் காலடியில் ஏதோ கிடந்தது.

"அது குட்டியோ?"

"ஓம். தாய் குடிச்சால்தானே பால் ஊறும்."

"ஐயோ! நான் வாளியிலை கொண்டோடிப் போய்க் குடுக்கட்டோ?"

"நீங்கள் போனால் தாய் ஓடும். குட்டி பின்னாலை ஓடப் பாக்கும். இப்ப அதாலை ஏலாது."

"நான் ஒரு கெட்டதும் நினைக்கேல்லை, ரீச்சர்."

"அது எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியாது."

அவள் பாயைச் சுருட்டினாள். அவர் கரட் பையை எடுத்தார். இருவரும் தங்கள் வாடை குதிரைக்குப் போகாத பக்கமாகச் சுற்றி, நாலு வேலி தாண்டி, ஐந்தாவது வேலிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து தொட்டி ஒரு தீப்பெட்டி அளவு தெரிந்தது.

வெயில் சாய்ந்தது. குதிரை அசையவில்லை. தன்னால் ஒரு உயிர் போகப்போகிறது என்று இராசநாயகம் முழுதாக நம்பினார்.

"இவ்வளவு தூரத்திலை இருந்தால், நாங்கள் ஆரெண்டே அதுக்குத் தெரியாமல் போயிடும், ரீச்சர்."

"அங்கை தண்ணி இருக்கெண்டு தெரிஞ்சாப் போதும்."

கடைசியில் தாய்க்குதிரை தலையை உயர்த்திக் காற்றை மோந்தது. குனிந்து குட்டியை மூக்கால் தள்ளியது. குட்டி எழும்பவில்லை. இன்னொரு முறை தள்ளியது. குட்டி முன்னங்காலை ஊன்றி விழுந்தது, திரும்ப ஊன்றியது, எழுந்து நின்றது.

தொட்டிக்கு வந்து சேர அவற்றுக்கு வெகுநேரம் பிடித்தது. தாய் குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. குட்டி அதன் வயிற்றுக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டது. இங்கிருந்து பார்க்க அது ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியைப் பார்த்து இராசநாயகம் வாய்விட்டு அழுதார்.

அழுதபடியே எழுந்தார். வேலிக் கல்லில் கை வைத்து, ஒரு காலையும் தூக்கிவிட்டார். திலகேஸ்வரி அவரைப் பிடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு காலை இறக்கினார்.

"ரீச்சர், நீங்கள் பதினொரு வருஷமாய்த் தண்ணி ஊத்துறியள். ஒண்டையெண்டாலும் தொட்டிருக்கிறியளோ?"

"இல்லை."

"கிட்டப் போக ஒருநாளும் ஆசை வரேல்லையோ?"

அவள் தொட்டியின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு நாளும் வரும், ஐயா. வாறபடியாத்தான் அஞ்சு வேலி தள்ளி இருக்கிறன். வராட்டில் ஒரு வேலி போதும்."