நாய்களுக்குப் போன பால் தண்ணீர்

பஞ்ச வருஷத்திலும் ஜமீன் அரண்மனையில் பாலைத் திரியவைத்து இனிப்பு செய்வது நிற்கவில்லை. திரளை எடுத்த பிறகு மிஞ்சிய தண்ணீர் ஜமீன்தாரின் வேட்டை நாய்களுக்குப் போனது. வேட்டை இல்லாத காலத்தில் அவற்றுக்கு அதுதான் ஆகாரம். வற்றிப்போன பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடத்தி அந்தத் தண்ணீரைக் கேட்டு வந்தாள்.

"அதுல என்ன இருக்கு? வெறும் தண்ணி. கிணத்துல மொண்டு குடு," என்று ஜமீன்தார் விரட்டினார்.

நாய்களைப் பார்த்துக்கொள்ளும் சங்கிலி என்பவன் பக்கத்தில்தான் நின்றான். சில நாள் பயந்து தயங்கியவன், பிறகு அந்தத் தண்ணீரை ரகசியமாய் ஊருக்குள் கொண்டுபோனான். நாய்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தன.

விருந்துக்கு வந்த கலெக்டர் எதிரிலேயே ஜமீன்தார் கத்தினார்.

"நாயெல்லாம் ஏண்டா எலும்பும் தோலுமா நிக்குது? பால் தண்ணி எங்கே?"

"பிள்ளைகளுக்கு ஊத்திட்டேன் எசமான். நாய்க்குக் கிணத்துத் தண்ணி வச்சேன்."

"என் நாய்களைக் கொல்லப் பார்த்தியா?"

"அது வெறும் தண்ணின்னு மாடத்திகிட்ட நீங்கதானே சொன்னீங்க. ஒரு தண்ணிக்கு இன்னொரு தண்ணியை மாத்தி வச்சா நாய் எப்படி எசமான் மெலியும்?"

கலெக்டர் ஜமீன்தாரைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே பிள்ளைகளுக்கே ஊத்து," என்றார் ஜமீன்தார், தரையைப் பார்த்தபடி.

மறுநாள் சட்டியும் செம்புமாய் ஊரே வாசலில் நின்றது. மாடத்தி மட்டும் வரவில்லை. சங்கிலி ரகசியமாய்த் தூக்கிப்போன முதல் குடம் அவள் வீட்டுக்குத்தான் போனது. அன்றைக்கே அங்கே அதைக் குடிக்கப் பிள்ளை இல்லை.