கொத்திய இறக்கை

அந்தக் காலத்தில் இரவுக்கு ஓசை கிடையாது. எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்தது. ஆனால் ஒரு நாளுக்கு வேண்டிய அளவுதான் இருந்தது. விடிந்ததும் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் தீர்ந்துவிடும். காகம் மழை வருமா வராதா என்று பேசியே தன்னுடையதைத் தீர்த்துக்கொள்ளும். ஆடு குறை சொல்லித் தீர்க்கும். தவளைக்கு மதியத்திலேயே தீர்ந்துவிடும். மனிதர்கள் மட்டும் இரவுக்கென்று நாலு சொல் மிச்சம் வைத்துக்கொண்டு, அதையும் படுக்கையில் தணிந்த குரலில் சொல்லி முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு பூசணிக் கொடி வேலியைப் பற்றி ஏறுவதுகூடக் கேட்கும் என்பார்கள்.

அந்த அமைதியை யாரும் குறையாக நினைத்ததில்லை. பொம்மக்காளும் நினைத்ததில்லை, அந்த வருடம் வரைக்கும்.

பொம்மக்காள் அம்மி கொத்துகிறவள். அரைத்து அரைத்து அம்மி வழவழப்பாகிவிட்டால் மஞ்சளும் மிளகும் நசுங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போது கல்லின் முகமெங்கும் உளியால் சின்னச் சின்னப் பள்ளங்களாகக் கொத்த வேண்டும். அம்மியைக் கொத்தினால் குழவியையும் கொத்தியாக வேண்டும் என்பது அந்த வேலையின் முறை. ஒன்று சொரசொரப்பாகவும் மற்றது வழவழப்பாகவும் இருந்தால் அரைபடாது. அம்மியை முடித்த கை, யாரும் சொல்லாமலே குழவியை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளும்.

அவள் புருஷன் சென்னப்பன் குன்றில் கல் உடைத்தான். குன்றின் அடியில் மண்சுவர் எழுப்பி, பனையோலை வேய்ந்து இருவரும் குடியிருந்தார்கள்.

அந்த வருடம் தையிலும் மாசியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் கல்யாணம். பொம்மக்காள் நாற்பது நாள் விடாமல் கொத்தினாள். குனிந்து, முகத்தைக் கல்லுக்கு அருகில் வைத்து, இரும்பால் கருங்கல்லைக் காலையிலிருந்து மாலைவரை. நாற்பதாம் நாள் இரவு உளியைப் பைக்குள் போட்டுவிட்டுப் படுத்தாள். ஓசை நிற்கவில்லை.

கல்லில் உளி விழும் ஓசை அல்ல அது. அது முடிந்த பிறகு காற்றில் ஒரு மெல்லிய இழை மிஞ்சுமே, அது. மிஞ்சியது போகாமல் நீண்டுகொண்டே இருந்தது.

"மாமா, உனக்குக் கேக்குதா?"

"என்னது?"

"ஙீன்னு ஒரு சத்தம். யாரோ தூரத்துல கத்தி தீட்டுற மாதிரி."

சென்னப்பன் எழுந்து உட்கார்ந்து கேட்டான். வெளியே போய்க் கேட்டான். திரும்பி வந்து, சற்று யோசித்துவிட்டு, தன் காதை அவள் காதின்மேல் வைத்துக் கேட்டான். பூட்டிய வீட்டின் கதவில் காதை வைத்து நிற்பவனைப்போல நெடுநேரம் அப்படியே இருந்தான்.

"ஒண்ணும் இல்லியே பொம்மி."

"இருக்கு மாமா."

காலையில் விஷயம் பரவிவிட்டது. காகம் கூரையில் வந்து உட்கார்ந்தது.

"காதுக்குள்ள பூச்சி போயிருக்கு. எனக்குத் தெரியும். தலையைச் சாய்ச்சுக் காட்டு, நான் எடுத்துவிடுறேன்."

"உன் மூக்கைப் பார்த்தா எடுக்கிறதுக்கு வந்த மாதிரி தெரியலை. திங்கிறதுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றாள் பொம்மக்காள்.

"எனக்கும்தான் ஒரு வாரமா பின்னங்கால் வலி" என்றது ஆடு. "யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் விட்டாள். உப்புத் தண்ணீர் விட்டாள். பகலில் ஊர் இரைச்சலில் அந்த ஓசை எங்கோ ஒதுங்கிக் கிடக்கும். இருட்டி, ஒவ்வொரு வாயாக அடங்கியதும் வெளியே வந்து, உலகத்தில் தான் ஒன்றுதான் மிச்சம் என்பதுபோல நீளும். பொம்மக்காள் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருப்பாள்.

தூக்கமில்லாத பதினைந்தாம் நாள், சீரங்காயி வீட்டுக் கல்யாண அம்மியைக் கொத்திக்கொண்டிருந்தபோது கை ஒரு நெல் அளவு தவறியது. கல் இரண்டாகப் பிளந்தது. அவள் கையில் அதுவரை ஒரு கல்லும் பிளந்ததில்லை.

"முகூர்த்தத்துக்கு ரெண்டு நாள் இருக்கு" என்றாள் சீரங்காயி. "பொண்ணு காலை எடுத்து எதுமேல வைக்கிறது? உன் தலைமேலயா?"

பொம்மக்காள் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். இன்னொரு கல் உடைந்தால் எந்த வாசலிலும் தன்னை உட்காரவிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். உளியைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரிந்த கை அல்ல அது.

அன்று இரவு பருவம் தப்பி மழை பெய்தது. ஓலையில் விழுந்து, வழிந்து, வாசலில் சொட்டிக்கொண்டிருந்தது. காலையில் சென்னப்பன் அவளைத் தட்டி எழுப்பவேண்டியிருந்தது.

"நின்னுருச்சா?"

"நிக்கல மாமா. மழைக்குள்ள போயிருச்சு."

சென்னப்பன் அதைப் பிடித்துக்கொண்டான். மறுநாள் மழை இல்லை. அவன் முறத்தில் கம்பைக் கொட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்தான். தானியம் சரிந்து திரும்பும் ஓசை ஓலையில் விழும் தூறலைப்போல இருந்தது. பொம்மக்காள் தூங்கினாள். அவன் கண் சொருகி முறம் நின்றால் அந்தக் கணமே விழித்துக்கொண்டாள். அவனும் விழித்து மறுபடி சாய்த்தான். நான்கு இரவுகள் இப்படிப் போயின. ஐந்தாம் நாள் குன்றில் கடப்பாரையைப் பிடித்தபடியே நின்று தூங்கிவிட்டான். மேலிருந்து உருண்ட கல் அவன் கால் கட்டைவிரலை நசுக்கிவிட்டுப் போயிற்று.

காலில் துணி சுற்றியபடி வந்து உட்கார்ந்தவன் முறத்தைக் கையில் எடுத்தான்.

"வேண்டாம் மாமா. எனக்கு இன்னிக்குச் சத்தமே இல்லை."

"நெசமாவா?"

"நெசமாத்தான். வை அதை."

அவன் தூங்கிப்போனான். அவள் இருட்டில் மல்லாந்து படுத்திருந்தாள்.

"பொய்" என்றது ஒரு குரல், கூரையிலிருந்து.

எழுந்து விளக்கை ஏற்றினாள். ஓலை இடுக்கில் பழுப்பு நிறத்தில் ஒரு பூச்சி. பெயர் வைக்கும் அளவுக்கு அதை யாரும் அதுவரை கவனித்ததில்லை. அதன் குரல் அவ்வளவு சிறியது; அதனால் பகல் முழுக்கப் பேசினாலும் அதன் பேச்சு இரவுக்கும் மிஞ்சும். பகலில் அது பேசுவது யார் காதிலும் விழாது. எல்லாருக்கும் பேச்சு தீர்ந்துபோன நேரத்தில்தான் அது பேசுவது கேட்கும். அப்போது விழித்திருப்பவர் யாருமில்லை.

பொம்மக்காள் எட்டி அதைப் பிடித்துவிட்டாள்.

"நீதானா? நீதான் என் காதுக்குள்ள போய்வந்துகிட்டு இருக்கிறியா?"

"நான் பனை உச்சியில இருக்கிற ஆளு. உன் காதுக்குள்ள எனக்கு என்ன வேலை? விடு அக்கா, இறக்கை மடங்குது."

"அப்ப இங்க எதுக்கு வந்தே?"

"நீ முழிச்சிருக்கே. ராத்திரியில பேச ஆளே கிடைக்கமாட்டேங்குது."

அவள் விரலைத் தளர்த்தினாள். பூச்சி அவள் தோளில் ஏறி, ஒரு முன்னங்காலை நீட்டி அவள் காதோரம் வைத்தது.

"காலை எடு."

"பொறு. எனக்குக் காது கால்லதான் இருக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றது.

"அவரும் அதைத்தான் சொன்னாரு."

"ஆனா இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் பகல் முழுக்கப் பேசறேன். ஒருத்தருக்கும் கேக்கறதில்லை. அதனால நான் பேசலைன்னு ஆயிருமா?"

 இந்த மூன்று வாரத்தில் பொம்மக்காளிடம் அப்படி யாரும் சொன்னதில்லை.

மறுநாள் இரவு பூச்சி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பேசிப் பார்த்தது. பனை உச்சியிலிருந்து பார்த்ததையெல்லாம் சொன்னது. அவளுக்குத் தூக்கம் இன்னும் தள்ளிப்போயிற்று.

"பேச்சு வேண்டாம்" என்றாள். "அடுத்து என்னன்னு மனசு பின்னாலயே ஓடுது. மழையில சொல்லு இல்லை. முறத்துல சொல்லு இல்லை. வெறும் சத்தம்தான் வேணும்."

பூச்சிக்கு வெறும் சத்தம் தெரியாது. காலைத் தட்டிப் பார்த்தது. இறக்கைகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தேய்த்துப் பார்த்தது. கண்ணாடிபோல வழவழவென்று இருந்த இறக்கைகள் சறுக்கிக்கொண்டு போயின.

பொம்மக்காள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வழவழன்னு இருந்தா ஒண்ணும் அரைபடாது" என்றாள்.

பூச்சி தன் இறக்கையைத் திரும்பிப் பார்த்தது.

"கொத்தினா?" என்றது பூச்சி.

"சத்தம் வரும். ஆனா கொத்தின இறக்கையில காத்து நிக்காது. பறக்க முடியாது."

"ஒண்ணை மட்டும் கொத்து. ஒண்ணை விட்டுரு. கோணலாவாவது பறந்து பனை உச்சிக்குப் போயிருவேன்."

"அங்க அப்படி என்ன வேலை?"

"விடியறதைப் பார்க்கணும். இந்த ஊர்ல அதை முதல்ல பார்க்கிறது நான்தான். அது ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு."

"சரி. ஒண்ணுதான்" என்றாள் பொம்மக்காள்.

வெளிச்சம் வந்ததும் வாசலில் உட்கார்ந்தாள். இருப்பதிலேயே சிறிய உளியை எடுத்து நுனியைத் தீட்டினாள். சுத்தியல் வேண்டியிருக்கவில்லை, கட்டைவிரல் நகமே போதுமாக இருந்தது. பூச்சி இறக்கையை விரித்து மடியில் கிடந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, நரம்போடு நரம்பாக, வரிசை பிசகாமல் பல் பல்லாகக் கொத்தினாள். கை தவறவில்லை. பல நாட்களுக்குப் பிறகு கை தன் சொல்லைக் கேட்கிறது என்ற நினைப்பில் அவளுக்கு ஒரு மயக்கம் வந்தது. கல்லும் இறக்கையும் ஒன்றாகிவிட்ட மயக்கம். வரிசை முடிந்தது. பொடியை ஊதினாள். கை அடுத்ததை எடுத்து வைத்துக்கொண்டது. கொத்தியது. குழவியைக் கொத்துவதுபோலவே, அம்மியைவிடச் சற்று மெல்லிதாக, வரிசை பிசகாமல்.

இரண்டாம் இறக்கையின் பாதியில்தான் அவளுக்கு மயக்கம் தெளிந்தது.

உளியைக் கீழே வைத்தாள். பூச்சி எழுந்தது. இறக்கையை அடித்தது. ஒரு சாண் எழும்பி விழுந்தது. மறுபடி எழும்பி விழுந்தது. பிறகு அசையாமல் இருந்தது.

"நான் வேணும்னு செய்யலை" என்றாள் பொம்மக்காள். "கை பழகிப்போச்சு."

பூச்சி பனை இருந்த பக்கம் திரும்பிக்கொண்டது. அன்று பகல் முழுக்க அப்படியே கிடந்தது. காகம் எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தது. பொம்மக்காளின் முகத்தைப் பார்த்துப் பறந்துவிட்டது.

மாலையில் அவள் அதே உளியால் அடுப்பை ஒட்டிய மண்சுவரில் ஒரு விரல் ஆழத்துக்குத் துளை போட்டாள். அங்கே இரவிலும் சூடு இருக்கும். பூச்சியைக் கையில் ஏந்திப்போய் உள்ளே விட்டாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

ஊர் அடங்கியது. காதுக்குள் இழை நீண்டது. இனிமேல் இது எனக்கு வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். இது இருக்கட்டும், வேறு எதையும் கேட்கமாட்டேன்.

அப்போது சுவரிலிருந்து அது வந்தது.

முதலில் ஒரு கீறல். பிறகு இன்னொன்று. பிறகு இடைவெளி தெரியாமல் ஒன்றோடொன்று சேர்ந்து, இருட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை விரிந்த ஒரே ஓசை. அவள் காதுக்குள் இருந்ததைப்போலவே மெல்லியது. ஆனால் இது வெளியே இருந்தது. சுவரும் அடுப்பும் தூங்கும் சென்னப்பனும் இருக்கும் அதே இடத்தில் இருந்தது. உள்ளே இருந்த ஓசை, சந்தைக் கூட்டத்தில் தன் ஊர்க்காரர்களைக் கண்டவன் அவர்களோடு நடந்து மறைவதுபோல, மெல்ல அதனோடு சேர்ந்துகொண்டது. எது எதுவென்று அவள் பிரித்துப் பார்க்க முயன்றாள். முயன்றுகொண்டிருக்கும்போதே இரவு அவளை விட்டு நழுவியது.

நடுச்சாமத்தில் திடுக்கிட்டு எழுந்தாள். ஓசை இருந்தது. கொத்திய இடம் வலிக்குமோ, வலியோடு தேய்க்கிறதோ என்று தோன்றியது. எழுந்து சுவரை நோக்கி நடந்தாள். இரண்டாம் அடியில் ஓசை நின்றுவிட்டது.

"வலிக்குதா? ஏன் நிறுத்திட்டே?"

துளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நடக்கிறவங்களுக்கு இது எதுக்கு? போய்ப் படு அக்கா."

அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. மிச்சமிருந்ததெல்லாம் இறக்கைக்குப் போய்விட்டது.

அவள் திரும்பிப் போய்ப் படுத்தாள். பாயில் தலை பட்டதும் ஓசை மீண்டும் தொடங்கியது.

காலையில் சென்னப்பன், "நின்னுருச்சா?" என்று கேட்டான்.

"நிக்கல. அதுக்குத் துணை கிடைச்சிருச்சு."

அது அவள் சாகும்வரை நிற்கவில்லை. ஆனால் அவள் கையில் இன்னொரு கல் பிளக்கவும் இல்லை. அடுத்த தை மாதம் சீரங்காயியே ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். விடிகிற நேரத்தில் பொம்மக்காள் வாசலுக்குப் போய், பனை உச்சியில் வெளிச்சம் படுகிறதா என்று பார்ப்பாள். பட்டதும் உள்ளே வந்து, துளையருகே குனிந்து, "விடிஞ்சிருச்சு" என்பாள். ஒருநாள்கூட அதைத் தவறவிட்டதில்லை. சுவர் அதன் பிறகே ஓய்வெடுக்கும்.

கொத்திய பற்கள் அந்தப் பூச்சியின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பிறக்கும்போதே வந்தன. சுவரில் குடியிருந்ததால் சுவர்க்கோழி என்று அதற்கு ஒரு பெயரும் கிடைத்தது. இரவில் அது எங்கே இருக்கிறதென்று தேடி நாம் எழுந்துபோனால் சட்டென்று அடங்கிவிடுகிறது. பயந்துவிட்டது என்று நினைக்கிறோம். பயம் இல்லை. பொம்மக்காளைத் திருப்பி அனுப்பிய அந்த இரவிலிருந்து அது நடக்கிறவர்களுக்குப் பாடுவதில்லை. நாம் திரும்பிப் போய்ப் படுக்கட்டும் என்று காத்திருக்கிறது.