சாப்பாட்டுக் கூடத்தின் வாசல்

"என் பெட்டியைக் குறை சொல்கிறார்கள், அம்மா" என்றார் பொன்னுரங்கம்.

மலையடிவாரத்து வீடொன்றில் ஏழெட்டுப் பேர் ஒரு புதிய கணினி மொழியை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். திலகவதி அவர்களுக்கு ஆசிரியை. பொன்னுரங்கம் மாணவர்; அந்த மொழியில் தகவல்களைப் போட்டுவைக்கும் 'பெட்டி' என்ற பகுதியை எழுதியவர். வயதில் ஆசிரியையைவிட மூத்தவர், பிடிவாதத்தில் இன்னும் மூத்தவர்.

"யார் குறை சொன்னது?"

"சல்மா. நம் மொழியைப் பயன்படுத்திப் பார்க்க வந்தவள். கைக்குழந்தைகளின் அழுகுரலைப் பதிந்து ஆராய்கிறாள். அந்தப் பதிவுகளை என் பெட்டி ஏற்கவில்லையாம். வேறு மொழிக்குப் போகிறேன் என்று மூட்டை கட்டிவிட்டாள்."

"ஏன் ஏற்கவில்லை?"

"உள்ளே இருப்பதை வரிசைப்படுத்தச் சொன்னால் என் பெட்டி வரிசைப்படுத்தித் தரும். அதனால் பெரிது சிறிது பார்க்க முடிகிறதை மட்டும்தான் உள்ளே விடும். எந்த அழுகை பெரிது என்று யார் சொல்வது?"

"அவள் வரிசைப்படுத்தக் கேட்டாளா?"

"இல்லை. நாளைக்குக் கேட்டால்? விதியை எடுத்துவிட்டால் பெட்டி திணறிப் போகும்."

திலகவதி சாப்பாட்டுக் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அந்த வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் யாராவது கூடத்து மூலையில் இருக்கும் ஆர்மோனியத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடுவது வழக்கம்.

"இன்று கூடத்து வாசலில் நில்லுங்கள். பாடத் தெரிந்தவர்களை மட்டும் உள்ளே விடுங்கள்" என்றார் திலகவதி.

பொன்னுரங்கம் நின்றார். விதி என்றால் அவருக்கு உயிர்.

சல்மா தோள்பையோடு வந்தாள்.

"பாட வருமா?"

"வராது, அண்ணா."

"அப்படியானால் விட முடியாது."

"ஊருக்குப் போகிற வழியில் ஒன்றும் கிடைக்காது. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகிறேனே."

அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

அடுத்து திலகவதி வந்தார். "எனக்கும் வராது" என்று சல்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

உள்ளே ரசம் கொதிக்கும் வாசனை. காலையிலிருந்து பொன்னுரங்கமும் ஒன்றும் சாப்பிடவில்லை. மெல்ல உள்ளே திரும்பினார்.

"உங்களுக்குப் பாட வருமா?" என்று கேட்டார் திலகவதி.

எடுத்த கால் அப்படியே நின்றது.

அவமானமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்தது.

நேரே உள்ளே போய், மூலையில் ஆர்மோனியத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாம்மா, வந்து சாப்பிடு" என்றார் சல்மாவிடம். "பாட வருமா என்று இதைத் தொட வருகிறவரிடம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பெட்டியிலும் இனி வரிசைப்படுத்தச் சொல்கிறவரிடம்தான் கேள்வி."

சல்மா தோள்பையை இறக்கி வைத்தாள்.